கண்டெய்னருக்குள் கேமிங் கிளையண்ட்: கறுப்புத் திரை சரியான கதை

லினக்ஸில், நிரல்களைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் பாட்மேன் (Podman) கண்டெய்னருக்குள் கேமிங் கிளையண்ட்டை (கேம்களை வாங்கி, இறக்கி, விளையாடும் செயலியை) ஓட்டினேன். லாகின் பெட்டி ஒழுங்காக வந்தது. உள்ளே போனதும் ஜன்னல் முழுக்கக் கறுப்பு. ஆனால் ட்ரே ஐகானை ரைட் கிளிக் செய்தால் மெனு வந்தது.

முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகித்தேன். 32 பிட் லைப்ரரிகளைப் போட்டேன், டிஸ்ப்ளே அனுமதிகளை மாற்றினேன். பயனில்லை. கண்டெய்னருக்குள் கியர்ஸ் டெமோ (பல்சக்கரங்கள் சுழலும் கிராஃபிக்ஸ் சோதனை நிரல்) அருமையாகச் சுற்றியது. அப்படியானால் கிராஃபிக்ஸ் கார்டில் பிரச்சினை இல்லை.

லாகில் 'பஸ் எரர்' (மெமரியை அணுக முடியாத பிழை) என்று ஒரு வரி. அதுதான் துப்பு. கிளையண்ட்டின் முகப்பு குரோமியம் என்ற பிரவுசர் எஞ்சினில் ஓடுகிறது; அதற்கு ஷேர்டு மெமரி (நிரல்கள் தங்களுக்குள் பகிரும் மெமரி) நிறைய வேண்டும். ஹோஸ்டில் (கண்டெய்னரை ஓட்டும் கணினியில்) பாதி ரேம் அளவுக்கு இருப்பது, கண்டெய்னருக்குள் இயல்பாக வெறும் 64 எம்பி. பார்த்தால் 100% நிரம்பியிருந்தது!

ஷேர்டு மெமரி அளவை 2 ஜிபி ஆக்கினேன். இதைக் கவனியுங்கள்: ரீஸ்டார்ட் செய்தால் போதாது, கண்டெய்னரை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும். கேம்கள் தனி வால்யூமில் (கண்டெய்னரை அழித்தாலும் நிலைக்கும் சேமிப்பிடத்தில்) இருந்ததால் மறுபடி டவுன்லோடு தேவைப்படவில்லை. ஹோஸ்டின் ஐபிசியை (நிரல்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் வழியை, அதன் ஷேர்டு மெமரி உட்பட) கண்டெய்னரோடு பகிர்ந்தாலும் வேலை நடக்கும். ஆனால் தனிமைப்படுத்தல் தளர்ந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். அப்பாடா, இப்போது ஸ்டோர், லைப்ரரி எல்லாம் உடனே திறக்கின்றன.