சம்பா சேவரில் லொக்: எதை நிறுத்தலாம், எதைத் தொடக்கூடாது

கஸ்தூரியார் வீதியில் ஒரு கடை. ஐந்து கணினிகள், மேசைக்கடியில் லினக்ஸ் சேவர், அதில் சம்பா (விண்டோஸ் கணினிகளோடு ஃபைல் பகிரும் மென்பொருள்), எல்லாரும் திறக்கிற ஒரே அக்சஸ் (மைக்ரோசொஃப்டின் தரவுத்தள மென்பொருள்) ஸ்டொக் ஃபைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு பூட்டியிருக்கிறது என்று அக்சஸ் அடிக்கடி சொன்னதும், யாரோ சம்பாவின் அமைப்பு ஃபைலில் 'லொக்கிங் = நோ' போட்டுவிடுவார்கள். கரைச்சல் தீர்ந்தது போலத்தான் இருக்கும். உண்மையில், யார் பூட்டுக் கேட்டாலும் சேவர் 'சரி' என்று சொல்லிவிட்டு ஒன்றையும் பூட்டாது. ஒரே பதிவில் இரண்டுபேர் எழுதுவார்கள்.

யோசிக்க வேண்டியது ஒப்லொக்கைப் பற்றி. பெயரில்தான் லொக், அது பூட்டே அல்ல. 'இப்ப வேற ஆரும் திறக்கேல்லை, உன்ர கணினியிலேயே வைச்சு எழுது' என்று சேவர் கொடுக்கிற அனுமதி. இன்னொருவர் திறக்கும்போது சேவர் அதைத் திருப்பிக் கேட்கும். அந்த நேரம் முதல் கணினிக்குக் கரண்ட் இல்லையென்றால் எழுதியது வந்து சேராது. மற்றவர் 30 செக்கன் வரை காத்திருக்க வேண்டியும் வரலாம்.

அதற்காக, அமைப்பு ஃபைலில் எல்லா ஷெயாருக்கும் பொதுவான குளோபல் பகுதியில் 'ஒப்லொக்ஸ் = நோ' போடவேண்டாம்; எக்ஸெல், வேர்ட் ஃபைல்களும் சேர்ந்து மந்தமாகும். ஸ்டொக் ஃபைல் இருக்கும் ஷெயாரின் (பகிர்ந்த ஃபோல்டரின்) கீழ் மட்டும் 'வீட்டோ ஒப்லொக் ஃபைல்ஸ்' (ஒப்லொக் கொடுக்கக்கூடாத ஃபைல்கள்) வரியில் எம்டிபி (அக்சஸ் ஃபைல்), எல்டிபி (அதற்கு அக்சஸ் உருவாக்கும் பூட்டு ஃபைல்) நீட்சிகளைக் கொடுங்கள். ஃபோல்டரில் எல்டிபி ஃபைலை உருவாக்கவும் அழிக்கவும் எல்லாருக்கும் உரிமை வேண்டும். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

அதே ஃபோல்டரை என்எஃப்எஸ் (லினக்ஸ் கணினிகள் ஃபைல் பகிரும் முறை) வழியாகவும் திறந்துவிட்டால் 'கேர்னல் ஒப்லொக்ஸ் = யெஸ்' தேவைப்படும்; அப்போது எஸ்எம்பி2 லீஸ் (ஒப்லொக்கின் புதிய வடிவம்) கிடைக்காது. ஒரு வழியை மூடுவதே எங்கள் தெரிவு. வாசிக்கும்போதும் எழுதும்போதும் பூட்டு இருக்கிறதா என்று சேவரைப் பார்க்கவைக்கும் 'ஸ்ட்ரிக்ட் லொக்கிங்' இயல்பான 'ஓட்டோ'விலேயே இருக்கட்டும்.

மாற்றியதும், அமைப்பு ஃபைலில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் 'டெஸ்ட்பார்ம்' கட்டளையை ஓட்டுங்கள். ஏற்கெனவே இணைந்திருக்கும் கணினிகளுக்குப் புதிய அமைப்பு போகாது. கடை பூட்டியபின் மாற்றுவது நல்லது. காலையில், பூட்டுகளைப் பட்டியலிடும் 'எஸ்எம்பிஸ்டேட்டஸ் -எல்' கட்டளையைக் கொடுத்து, ஸ்டொக் ஃபைலுக்கு நேரே ஒப்லொக் நிரலில் 'நன்' (ஒன்றுமில்லை) என்று இருக்கிறதா பாருங்கள். 'லீஸ்' என்று நின்றால் நீட்சியை எழுதியதில் பிழை.

கரண்ட் போய் வந்தபின் ஒரு ஃபைல் பூட்டியபடியே நின்றால் அதே பட்டியலில் பிஐடி எண் (அந்த இணைப்பைக் கவனிக்கும் சேவர் புரோசஸின் எண்) இருக்கும். அது நின்றுபோன கணினியினுடையதா என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் 'கில்' கட்டளையால் நிறுத்துங்கள். முழுச் சம்பாவையும் ரீஸ்டார்ட் செய்தால் மற்ற நாலுபேரின் வேலையும் இடையில் அறும்.