மூலக்கூறுக் காட்சியை வெளியே அனுப்பும் முன்

ஹீமோகுளோபினின் 4எச்எச்பி அமைப்பை (புரதத் தரவு வங்கியில் உள்ள முப்பரிமாண வடிவம்) வைத்து, ஒரு மூலக்கூறு மென்பொருளில் இரண்டு நாள் உழைத்து ஒரு காட்சி அமைத்தேன். ஆக்சிஜன் சேராத நிலையில் ஹீம் என்ற வளைய மூலக்கூறின் நடுவே உள்ள இரும்பு அணு அந்த வளையத்தின் தளத்தை விட்டுச் சற்று விலகி, புரதத்தின் ஆல்ஃபா சங்கிலியில் 87ஆம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் பக்கமாக நிற்கும். அந்தச் சிறு விலகலைக் காட்டுவதுதான் நோக்கம். காட்சியை ஏற்றுமதி செய்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் திறந்தேன். புரதம் வந்திருந்தது, பெயர் எழுத்துகள் இல்லை, உருவத்தைச் சுற்றிய கருங்கோடு இல்லை, மூடுபனி போன்ற ஆழ மங்கலும் இல்லை.

காரணம் எளிது. வெளியே போவது பெரும்பாலும் முக்கோணங்களால் ஆன வடிவம் மட்டுமே. கருங்கோடும் மங்கலும் திரையில் படம் வரையும்போது சேர்க்கப்படுபவை; கோப்பில் எழுத அங்கே பொருளே கிடையாது. ஆகவே ஏற்றுமதிக்கு முன் காட்சியில் எது வடிவம், எது திரைப்பூச்சு என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஒளிபுகும் தன்மைதான். மேற்பரப்பை 70 சதவீதம் ஒளிபுகும்படி வைத்திருந்தேன். மூலக்கூறு மென்பொருள்கள் பலவற்றில் கண்ணுக்கு நேரே உள்ள ஒரு சுவரை மட்டும் காட்டும் வசதி உண்டு. ஒளிக்கதிரைப் பின்தொடரும் நிரலோ முன்சுவர், பின்சுவர் இரண்டையும் கணக்கில் எடுக்கும். 0.7 பெருக்கல் 0.7, அதாவது 0.49. பின்னணி பாதியாக மங்கிவிடும். உட்குழிவுகள் இருந்தால் இன்னும் மோசம். பழைய எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஹீம் தெளிவாகத் தெரியும்வரை புதிதாகச் சரிசெய்யுங்கள்.

உள்ளே இருப்பதைக் காட்ட உருவத்தை வெட்டும் வெட்டுத்தளத்தையும் கவனியுங்கள். அது வெளியே போகாமல் முழு உருவமும் வந்து நிற்கலாம். பிளெண்டரிலேயே வெட்டினால் உள்ளே கூடாகத்தான் இருக்கும், ஏனென்றால் மேற்பரப்பு வெறும் தோல். வெட்டிய வாயை அங்கேயே மூடுங்கள்.

நிறம் வேண்டுமானால் எஸ்டிஎல் கோப்பு வடிவம் வேண்டாம். முப்பரிமாண அச்சுக்கு அது போதும், ஆனால் அதன் பொதுவான வடிவத்தில் நிறத்துக்கு இடமில்லை. ஜிஎல்டிஎஃப் என்ற இன்னொரு கோப்பு வடிவம் நிறத்தை முக்கோண முனைகளில் சுமந்து வரும். அப்படியும் உருவம் வெள்ளையாகத் தெரிந்தால், அந்த நிறப் பண்பை மெட்டீரியலின் அடிப்படை நிறத்தோடு இணைத்துப் பாருங்கள். ஒரு ஆங்ஸ்ட்ராம் (அணு அளவுகளுக்கான நீள அலகு) பிளெண்டரில் ஒரு மீட்டராகிவிடும் என்பதால் அளவையும் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கருங்கோட்டுக்குப் பிளெண்டரில் உள்ள ஃப்ரீஸ்டைல் என்ற கோடு வரையும் வசதி போதும். எழுத்துகளைக் கடைசிப் படத்தின் மேல்தான் வைக்கிறேன். முழுக் காட்சியையும் அமைத்துவிட்டுச் சோதிக்காதீர்கள். ஒரே ஒரு ஹீம், அதைச் சுற்றி ஒரு துண்டு மேற்பரப்பு, ஒரு பெயர், இவற்றை முதல் மணி நேரத்திலேயே அனுப்பிப் பாருங்கள்.