வீட்டு உறவுகளைச் சீர்செய்யக் குடும்ப ஆலோசகரைத் தேடுவது எப்படி? நெல்லைப் பகுதிக் குடும்பங்களுக்கான செய்முறை விளக்கம்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீட்டுக்குள் பிணக்கு முற்றிவிட்டால், முதலில் ஆள் அனுப்பப்படுவது தாய்மாமனுக்கோ ஊர்ப் பெரியவருக்கோதான். அவர் வந்து அமர்ந்து, இரு தரப்பையும் விசாரித்து, ஒரு முடிவு சொல்லிவிட்டுப் போவார். பாகப்பிரிவினை, நகைக் கணக்கு, வரப்புத் தகராறு போன்றவற்றுக்கு இந்த முறை இன்றும் பயன்படுகிறது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் முகம் பாராமல் நடமாடுவதற்கும், கல்லூரிக்குப் போகும் மகன் அப்பாவின் கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு எழுந்துபோவதற்கும் தீர்ப்பு மருந்தாகாது. தீர்ப்பு வந்துவிட்டால் ஒருவர் தோற்றவராகிறார். தோற்றவரும் அன்று இரவு அதே வீட்டில்தான் சாப்பிட்டாக வேண்டும். குடும்ப ஆலோசகர் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல வருபவர் அல்லர். ஒருவர் பேச்சை மற்றவர் இடைமறிக்காமல் கேட்கும் நிலையை உருவாக்கித் தருவதே அவருடைய வேலை. தேடும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் தவறான இடத்தில் போய் நிற்க மாட்டீர்கள்.

முதல் படி: வீட்டில் நடப்பதை எழுதிக்கொள்ளுங்கள்

ஆலோசகரைத் தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அண்மையில் நடந்த ஒரே ஒரு சண்டையை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக எழுதுங்கள். யார் மேல் குற்றம் என்று எழுத வேண்டாம். யார் என்ன செய்தார், அதற்கு அடுத்தவர் என்ன செய்தார் என்பது போதும்.

ஆலங்குளம் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய கணவர், அதுவரை மனைவி பார்த்துவந்த வரவு செலவைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறார். மனைவி பீடித் தட்டை மடியில் வைத்து இலை வெட்டியபடியே பதில் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்தைக் கணவர் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்துகிறார். குரல் உயர்ந்ததும் மாமியார் மகனுக்குப் பரிந்துகொண்டு வருகிறார். மருமகளின் மௌனம் இன்னும் இறுகுகிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறாள். இந்தத் தாளைப் படிப்பவருக்கு, இது ஒருவருடைய கெட்ட குணத்தால் மட்டும் நடப்பதில்லை என்பதும், ஒருவர் செய்கை அடுத்தவர் செய்கையைத் தூண்டிச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதும் எளிதில் தெரியும். குடும்ப சிகிச்சையில் ஆலோசகர் தேடுவதும் இந்தச் சுற்றைத்தான். ஆகவே இந்தத் தாள் முதல் சந்திப்பில் உங்களுக்குப் பெரிதும் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: அவசரமானவற்றைத் தனியே பிரியுங்கள்

எல்லாப் பிரச்சினைகளுக்கும் குடும்பமாக உட்கார்ந்து பேசுவது ஏற்றதன்று. வீட்டில் அடி உதை இருந்தால், அடிப்பவரையும் அடிபடுபவரையும் ஒரே அறையில் அமர்த்தி மனம்விட்டுப் பேசச் சொல்வது ஆபத்தானது. அங்கே சொன்ன சொல்லுக்கு வீடு திரும்பியதும் பழி வாங்கப்படலாம். அத்தகைய பெண்கள் முதலில் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்க வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரிடமும் முறையிடலாம். குழந்தைக்குத் துன்பம் நேர்ந்தால் 1098 என்ற எண்ணை அழையுங்கள்.

வீட்டில் ஒருவர் செத்துப்போகலாம் என்று பேசத் தொடங்கியிருந்தால், அதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தும் மீந்த மாத்திரைகளும் கைக்கெட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்; அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குடி காரணமாயிருந்தால், மனநல மருத்துவரிடமிருந்து தொடங்குவதே முறை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், சத்தியம் வாங்கி நிறுத்தவைப்பதைக் காட்டிலும் மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவது பாதுகாப்பானது. குடும்பச் சந்திப்புகளை அதனோடு சேர்த்துத் தொடரலாம்.

மூன்றாம் படி: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர்; இந்தியாவில் அவர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மனநல சமூகப் பணியாளர் என்று இன்னொருவர் உண்டு. நம் மக்கள் அதிகம் கேள்விப்படாத பெயர் இது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து பணியாற்றுவதே இவர்களுடைய பயிற்சியின் முக்கியப் பகுதி என்பதால், பெரிய மருத்துவமனைக்குப் போனால் இவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

குடும்ப ஆலோசகர் என்பதற்கென்று தனியான உரிமம் எதுவும் நம் நாட்டில் இல்லை. சில வாரப் பயிற்சி முடித்தவரும் ‘கவுன்சிலிங் சென்டர்’ என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே பலகையை நம்பாமல், என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்பது உங்கள் உரிமை. மருத்துவ உளவியலாளராயின் பதிவு எண்ணைக் கேட்டு, மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நீதிமன்றத்திலும் மகளிர் காவல் நிலையத்திலும் நடக்கும் ஆலோசனையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் சமரசத்துக்கு முயலச் சொல்கிறது. அந்தச் சமரசம் வழக்கை ஒட்டியது. இங்கே நாம் தேடுவது வழக்கு வரை போகாமல் உறவைப் பழுதுபார்க்கும் உதவியை.

நான்காம் படி: எங்கே தேடுவது

செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளியாகச் சீட்டு வாங்கி, குடும்பப் பிரச்சினைக்கு ஆலோசனை வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டதால், சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்தார் தென்காசி அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம். அரசு மருத்துவமனையில் கூட்டம் மிகுதி என்பதால் நீண்ட நேரம் பேச வாய்க்காமல் போகலாம். அப்போது மனம் சோர்ந்து திரும்பிவிடாமல், விரிவான சந்திப்புக்கு எந்த நாள் வரலாம் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

வெளியே போகத் தயக்கமிருந்தால் தொலைபேசியிலேயே மனநல ஆலோசனை தரும் டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண் இருக்கிறது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை கட்டணமற்றது, எந்நேரமும் இயங்குவது, தமிழிலேயே பேசலாம். உங்கள் மாவட்டத்தில் யாரைப் பார்க்கலாம் என்றும் அவர்களிடம் கேட்கலாம்.

தனியார் ஆலோசகரைத் தேடுவோருக்கு நம் ஊர் நிலைமையை எண்ணி ஒன்றைச் சொல்ல வேண்டும். சொக்காரர்களுக்கும் சம்பந்தகாரர்களுக்கும் வேண்டப்பட்டவர் என்ற காரணத்தால் ஓர் ஆலோசகரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராயினும், அடுத்த கல்யாண வீட்டில் பந்தியில் எதிரே அமரப்போகிறவர் என்ற எண்ணம் உங்கள் வாயைக் கட்டிவிடும். உறவு வட்டத்துக்கு வெளியே உள்ளவரே ஏற்றவர். உள்ளூரில் அப்படிக் கிடைக்காவிட்டால், மதுரையிலோ சென்னையிலோ இருப்பவரிடம் காணொளி வழியாகப் பேசலாம். கணவர் வளைகுடா நாட்டிலும் மனைவி மேலப்பாளையத்திலும் இருக்கும் குடும்பங்களுக்கு இதைவிட வேறு நல்ல வழியில்லை.

மனநல மருத்துவமனை வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. நம் நாட்டில் குடும்பத்தைச் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் புதிதன்று. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்தார்; வேலூர் சி.எம்.சி.யும் அந்த வழியில் நடந்தது. அங்கே குடும்பத்தார் வந்து நின்றது நோயாளிக்குத் துணையாகத்தான். நீங்கள் போவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மறைக்க வேண்டிய இழிவு ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: தொலைபேசியில் கேட்க வேண்டியவை

நேரம் வாங்குவதற்கு முன் சில நிமிடம் பேசிப் பாருங்கள். “மேடம், நீங்க குடும்பத்தோட சேர்த்து உட்கார வெச்சுப் பேசுவீங்களா, தனித்தனியாத்தான் பார்ப்பீங்களா?” என்பது முதல் கேள்வி, ஏனெனில் ஆலோசகர் பலர் தனிநபரை மட்டுமே பார்க்கப் பயின்றவர்கள். ஒரு சந்திப்புக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும் என்பவற்றையும் கேளுங்கள். பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரமும், வாரத்துக்கு அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் அமையும்.

தனியே சொல்வதை மற்றவரிடம் சொல்வீர்களா என்று கேட்கவும் தயங்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் ரகசியத்தைக் காக்கிறது. நல்ல ஆலோசகர் தம்மிடம் வரும் எல்லாருக்கும் அந்த நெறியைக் கடைப்பிடிப்பார். உயிருக்கு ஆபத்து என்னும்போது அவர் பேசியாக வேண்டும். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளைக் கேட்காமலே முதல் நாளில் எடுத்துச் சொல்பவர் நம்பத்தக்கவர் என்பது என் கருத்து.

ஆறாம் படி: வீட்டாரை அழைப்பது

பல குடும்பங்களின் முயற்சி இங்கேதான் நின்றுவிடுகிறது. “உங்களைத் திருத்தக் கூட்டிப்போகிறேன்” என்ற தொனி வந்துவிட்டால் யாரும் வர மாட்டார்கள். தன் தேவையாகச் சொன்னால் கதவு திறக்கிறது. “அத்தை, நான் என்ன சொன்னாலும் தப்பாப் போயிருது. எப்படிப் பேசணும்னு ஒரு கவுன்சிலிங் அம்மாகிட்ட கேக்கப் போறேன். நீங்களும் கூட வந்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும்” என்று மருமகள் சொன்னால், அதில் குற்றச்சாட்டு இல்லை, பெரியவரின் மதிப்பும் குறையவில்லை. சண்டை சூட்டில் இதைச் சொல்லாதீர்கள்; சாப்பிட்டு முடித்து எல்லாரும் அமைதியாயிருக்கும் நேரத்தில் சொல்லுங்கள்.

யாருமே வரவில்லையென்றால் நீங்கள் மட்டும் போங்கள். சுற்றாக நடக்கும் சண்டையில் ஒருவர் தம் பங்கை மாற்றிச் செய்தாலே மற்றவர் பழையபடி நடந்துகொள்வது கடினமாகிவிடும்.

ஏழாம் படி: முதல் சந்திப்பு

ஆலோசகர் உங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் படமாக வரையலாம். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். நெருக்கமானவர்களுக்கிடையே இரட்டைக் கோடு, பிணக்குள்ளவர்களுக்கிடையே வளைந்து நெளியும் கோடு. தாத்தா, ஆச்சி காலத்துப் பிரிவுகளும் இதில் வந்து அமரும். மகனோடு பேசாத அப்பா, தம் அப்பாவோடும் பேசாமலே வளர்ந்தவர் என்பது தாளில் பளிச்சென்று தெரியும்போது, கூடத்தில் இருப்பவர்களின் குரல் தானாகவே தணியக் காணலாம். பிறகு ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்பார், சிறு பிள்ளையிடமும், “அம்மா அழும்போது அப்பா என்ன செய்வாங்க?” என்பது போல. பதில் பிடிக்காவிட்டாலும் இடைமறிக்காதீர்கள். அன்றே தீர்வு வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

எட்டாம் படி: தொடர்வதா, மாற்றுவதா

மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பிறகு நிதானமாக யோசியுங்கள். சண்டை வந்த பின் சமாதானமாக எடுக்கும் நாள்கள் குறைந்திருந்தால் முன்னேற்றம் இருக்கிறது. சண்டையே வராமல் போவது அளவுகோலன்று. ஒருவர் பக்கம் மட்டும் சாய்ந்து பேசுபவர், தனியே சொன்னதை மற்றவரிடம் போட்டு உடைப்பவர், சாதியையோ மதத்தையோ இழுத்துப் புத்தி சொல்பவர், பரிகாரம் செய்யச் சொல்பவர், இத்தனை அமர்வில் சரியாகிவிடும் என்று உறுதி கொடுத்து மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர் ஆகியோரை விட்டு விலகிவிடுங்கள். மற்றபடி வெறும் மனப்பொருத்தக் குறை என்றால் அதை ஆலோசகரிடமே சொல்லுங்கள். அவர் வேறொருவரை அறிமுகப்படுத்துவார்.

நிலைமை சீரானதும் சந்திப்புகளின் இடைவெளியை மாதம் ஒருமுறை என்று நீட்டி, பிறகு நிறுத்திக்கொள்ளலாம். கோயில் கொடைக்கு உறவெல்லாம் கூடும் நாள்களும், வெளிநாட்டிலிருப்பவர் விடுப்பில் வந்திறங்கும் முதல் வாரங்களும் பழைய பிணக்குகள் மறுபடி தலைதூக்கும் காலங்கள் என்பதால், அவற்றுக்குச் சற்று முன்பாகவே ஒரு சந்திப்புக்கு நேரம் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.