குறைந்த செலவில் தேரிக்காட்டில் கௌபாய் சண்டைக் காட்சி எடுக்கப் போகிறீர்களா?

முதலில் கதையிலிருந்து துப்பாக்கியைத் தூக்கிவிடுங்கள். டம்மி, வெடி, அனுமதி என்று பாதிப் பணத்தை அதுவே தின்றுவிடும். சிலம்பம் நன்றாகத் தெரிந்த இருவர் கிடைத்தால் போதும். நடிகருக்கு ஒரு வாரத்தில் கம்பு சுழற்றக் கற்றுக்கொடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கால் வைப்பிலேயே தெரிந்துவிடும்.

இடத்துக்கு என் தேர்வு தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காடு. செம்மண் மேடும் பனையும் செட் போடும் செலவை மிச்சப்படுத்தும். குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அதனால் வனத்துறை அனுமதி வாங்காமல் இறங்க வேண்டாம். காலை 9 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்குப் பிறகும் எடுங்கள். நடுவெயிலில் அந்த மணலில் யாராலும் நிற்க முடியாது.

இனி சண்டை. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி ஸ்பெயினின் அல்மேரியாவில் எடுத்த கௌபாய் படங்களில் அடியை விட, அடிக்கு முந்தைய காத்திருப்புதான் பெரிது. கண், விரல், காற்றில் ஆடும் துணி. இந்த க்ளோஸப்புகளுக்குக் காசே ஆகாது. இரண்டு நிமிடச் சண்டையில் முதல் நிமிடம் யாரும் அசையக் கூடாது என்பேன். அப்புறம் கம்பு எழும்போது கேமரா பின்னால் போய்விட வேண்டும். தலை முதல் பாதம் வரை தெரியட்டும். வித்தை தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு துண்டு துண்டாக வெட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

முகத்தில் விழும் குத்துக்கு மட்டும் 85 எம்எம் லென்ஸ் போட்டு, வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் நில்லுங்கள். கைக்கும் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் திரையில் தெரியாது. தலை திரும்பும் டைமிங் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேகம் போதவில்லை என்றால் ஹாங்காங் சண்டைப் படக்காரர்கள் செய்ததைப் போல விநாடிக்கு 24-க்குப் பதில் 22 ஃபிரேமில் எடுக்கலாம், திரையில் வேகமாகத் தெரியும். தூசி பறக்கும் ஷாட்டில் வேண்டாம், தூசியும் அவசரமாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். தூசிக்கு முல்தானி மிட்டி போதும். தூவுகிறவருக்கு முகக்கவசம் கட்டாயம்.

அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் 1992-இல் வந்த தன் முதல் படமான ‘எல் மரியாச்சி’யைச் சுமார் 7,000 டாலரில் எடுத்தார். கேமராவை நகர்த்தும் டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. தேரி மணலில் அது ஓடாது, அடியில் பிளைவுட் பலகை போடுங்கள்.

கம்பு விர்ரென்று சுழலும் சத்தத்தை வீட்டுக்குத் திரும்பியதும், மூடிய அறையில் தனியாகப் பதிவு செய்யுங்கள். தேரிக் காற்று மைக்கில் வேறு எதையும் விடாது.