வீட்டுச் செடிகளுக்கு வெளிச்சம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவி பக்கத்தில் வைத்த மணி பிளான்ட் மாதக்கணக்கில் வளராமல் நிற்கிறதா? கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, புது இலைகள் பழசைவிடச் சின்னதாக வருகின்றனவா? உரம் வாங்கக் கிளம்பாதீர்கள். அதற்கு வெளிச்சம் போதவில்லை.

வெளிச்சத்தைக் கண்ணால் அளப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் மூலம். மங்கலான இடத்துக்கு ஏற்பக் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பேப்பர் படிக்க முடிந்தாலே நமக்கு அது வெளிச்சமான அறை. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் வெளியே சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். சன்னலை விட்டுத் தள்ளி, ஹால் நடுவே பட்டப்பகலில்கூடப் பல வீடுகளில் 100 முதல் 300 லக்ஸ்தான் தேறும். மான்ஸ்டெரா நன்றாக வளர 2,000 லக்ஸுக்கு மேலாவது வேண்டும். மழைக்காட்டில் மர நிழலில் வளரும் செடி என்பதால் வீட்டு மூலை போதும் என்று நினைக்கிறோம். அந்தக் காட்டு நிழலே பெரும்பாலும் நம் ஹாலைவிட வெளிச்சமானது.

போனில் லக்ஸ் அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம், தோராயமாகக் காட்டும். அதுவும் வேண்டாம் என்றால் நிழலைப் பாருங்கள். நடுப்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாக, ஓரம் கூர்மையாக விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, ஓரம் மட்டும் கலங்கலாக இருக்கிறது என்றால் மணி பிளான்ட், அக்லோனிமா, பீஸ் லில்லிக்குச் சரி. நிழலே தெரியவில்லையா, அங்கே எந்தச் செடியும் வேண்டாம்.

"ஸ்நேக் பிளான்ட் இருட்டிலும் வளரும்" என்று சொல்லி விற்கிறார்கள். வளராது, தாங்கும், அவ்வளவுதான். மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் வளர்கிற செடி அது. இருட்டு மூலையில் அது தண்ணீரை மிக மெதுவாகத்தான் உறிஞ்சும். நாமோ வாரம் தவறாமல் ஊற்றுவோம். மண் காயாமல் வேர் அழுகும், இலை அடியில் கொழகொழவென்று ஆகிச் சாயும். அதனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் நாள் கணக்குப் பார்த்துத் தண்ணீர் ஊற்றவே கூடாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

சன்னல் திசை விஷயத்தில் வெளிநாட்டு வீடியோக்களை அப்படியே பின்பற்றுவது இன்னொரு தவறு. தெற்குச் சன்னலில்தான் வெயில் அதிகம் என்பது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் வடக்குப் பக்கமாகவே போகிறது. அந்த மாதங்களில் தெற்குச் சன்னலில் நேரடி வெயிலே விழாது. வடக்குச் சன்னலில்தான் காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும். மார்கழியில் நிலைமை தலைகீழ், தெற்குச் சன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீளமாக வரும். ஒரே இடத்தில் வருஷம் முழுக்கத் தொட்டியை வைத்துவிட்டு, திடீரென்று இலை ஏன் கருகுகிறது என்று குழம்புவது இதனால்தான். என்னைக் கேட்டால் கிழக்குச் சன்னல்தான் நம் ஊருக்கு உத்தமம், இளவெயில் பெரும்பாலான செடிகளைச் சுடாது. மேற்குச் சன்னலுக்குச் சித்திரை, வைகாசியில் மெல்லிய திரை கட்டாயம்.

அப்புறம், இருட்டில் வாடியது என்று செடியைத் தூக்கி நேராக மொட்டைமாடியில் வைக்காதீர்கள். ஒரே மதியத்தில் இலை வெளுத்து, பிறகு பழுப்பாகிவிடும். வெந்த இடம் மறுபடி பச்சையாகாது. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, காலை வெயிலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே வளர்ந்த செடிக்கும் இதே கவனம் வேண்டும்.

குரோட்டன்ஸின் சிவப்பும் மஞ்சளும் வெளிச்சத்தால் வரும் நிறங்கள். உள்ளே தள்ளி வைத்தால் புது இலைகள் வெறும் பச்சையாக வரும். வெள்ளைத் திட்டு உள்ள மணி பிளான்ட்டுக்கும் சாதாரணப் பச்சையைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும், அந்த வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. கொசுவலை, கூலிங் ஒட்டிய கண்ணாடி, இலை மேல் படிந்த தூசி எல்லாமே வெளிச்சத்தைத் தின்னும். ஈரத்துணியால் இலையைத் துடைப்பது செலவில்லாத வைத்தியம்.

எதிர்வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிளாட்டில் சன்னலை நம்பிப் பயனில்லை, விளக்குத்தான் வழி. செடி வளர்க்கவென்றே விற்கும் ஊதா நிற கிரோ லைட் தேவையில்லை. சாதாரண வெள்ளை எல்இடி போதும். ஆனால் கூரையில் எரியும் பல்பு செடிக்கு எட்டாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். இலைக்கு ஒரு அடி மேலே இருக்கும்படி தொங்கவிட்டு, தினமும் 12 மணி நேரம் எரியவிட்டு, இரவில் அணைத்துவிடுங்கள். மறந்துபோகும் என்றால் ஒரு டைமர் பிளக் வாங்கி மாட்டுங்கள்.