இன்டர்வியூ எடுக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், முதன்முதலாக இன்டர்வியூ எடுக்கும் இருவருடன் பேனலில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வருடங்களுக்கு முன் நான் செய்த தவறுகளை அப்படியே செய்தார்கள். வந்தவரைக் காக்க வைக்காதீர்கள், நடுவில் போனைப் பார்க்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரெஸ்யூமேயை அவர் எதிரிலேயே முதல்முறை படிப்பது

முதல் நாளே படித்துவிடுங்கள்.

கைகுலுக்கும்போது வாக்குக் கொடுப்பது

"கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான், நோட்டீஸ் பீரியடைக் குறைக்க முடியுமா பாருங்கள்." ஒருவரை வழியனுப்பும்போது நான் சொன்னது இது. அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த இடத்துக்கு ஒப்புதலே வரவில்லை, எனக்கு மேலே இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. இரண்டு வாரத்தில் அந்த இடத்தையே நிறுத்தி வைத்தார்கள். விஷயத்தைச் சொல்ல நானே போன் செய்தேன். "சார், நான் மறுநாளே பேப்பர் போட்டுட்டேனே" என்றார்.

அதற்குள் பழைய கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் வேலையில்லாமல் இருந்தார். ஆஃபர் லெட்டர் கையில் வராமல் வேலையை விட்டது அவர் தப்புதானே என்று சிலர் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் சொல்வதை, வேலை தேடுபவர் கம்பெனியே சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார். வீட்டில் சொல்லிவிடுவார். அடுத்த வாரம் இருக்கும் இன்னொரு இன்டர்வியூவுக்குப் போகமாட்டார். நமக்கு அது ஒரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான். அவருக்கு அதை நம்பித்தான் அடுத்த மாதச் சம்பளம்.

போன வாரமும் புதியவர்களில் ஒருவர், "சீக்கிரமே ஒன்றாக வேலை செய்வோம்" என்று ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டேன். இன்னும் மூன்று பேரைப் பார்க்க வேண்டும், முடிவெடுப்பது துறைத்தலைவர், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வரும், எழுத்தில் வரும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள் என்றேன். வந்தவர் முகம் கொஞ்சம் வாடியது. பரவாயில்லை. எத்தனை பேர் பாக்கி, யார் முடிவெடுப்பார், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் சொல்லி அனுப்புங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

ஆளுக்கொரு கேள்வி

ஒருவரிடம் பழைய புராஜெக்ட் பற்றி அரட்டை, அடுத்தவரிடம் கடினமான கணக்கு. அப்புறம் இருவரையும் எதை வைத்து ஒப்பிடுவீர்கள்? ஷ்மிட், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்டார்கள். ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை, கேள்விகளை முன்பே வகுத்துக்கொண்ட நேர்காணல்தான் மனம்போன போக்கில் நடத்துவதைவிட நன்றாகக் காட்டுகிறது என்று அதில் தெரிந்தது. எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். பேனலில் மற்றவர்களுடன் பேசுவதற்கு முன்பே மதிப்பெண்ணைக் குறித்துவிடுங்கள்.

கல்யாணம், குழந்தை பற்றிய கேள்விகள்

கேட்கவே கூடாது.

எடுக்காதவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது

இரண்டு வரி போதும், சொன்ன தேதியில் போக வேண்டும். போன வாரம் வந்தவரை நாங்கள் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் நானே போன் செய்து சொன்னேன். வருத்தப்பட்டார். ஆபீஸிலிருந்துதான் பேசுகிறேன், சாயங்காலம் கூப்பிடட்டுமா, எதில் குறை என்று கேட்க வேண்டும் என்றார்.