பிரைட்டன் கிராண்ட் ஹோட்டல்: பழைய படத்தின் வருடத்தைக் கண்டுபிடிப்பது

முதலில் ஹோட்டலை விடுங்கள், பக்கத்துக் கட்டடத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டனில் கிராண்ட் திறந்தது 1864-இல். அதற்கு மேற்கே செக்கச்செவேலென்று நிற்கும் மெட்ரோபோல் ஹோட்டல் 1890-இல்தான் வந்தது. கடற்கரையிலிருந்து எடுத்த படத்தில் இடப்பக்கம் அது இல்லையென்றால் படம் அதற்கு முந்தையது. வலப்பக்கம் இருந்தால் குழம்ப வேண்டாம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

அஞ்சலட்டை என்றால் பின்பக்கம் பாருங்கள். நடுவே கோடு கிழித்து, செய்திக்கும் முகவரிக்கும் தனித்தனி இடம் இருந்தால் 1902-க்கு முன் அச்சானதல்ல. முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அது அனுப்பிய நாள். படம் அதைவிடப் பல வருடம் பழையதாக இருக்கலாம்.

முகப்பு மேலிருந்து பிளந்து சரிந்திருந்தால் 1984 அக்டோபர் 12 அன்று ஹோட்டலில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிந்தையது. 1986-இல் ஹோட்டலை மறுபடி திறந்துவிட்டார்கள்.